வயது வந்தோர் ஆங்கிலக் கையேடுகளில் நிகரன்கள்: ஒரு திறனாய்வு

பணிக்காகவும் அன்றாடத் தேவைக்காகவும் ஆங்கிலம் கற்கும் வயது வந்தோர் தாய்மொழிவழிக் கையேடுகளையே பெரிதும் நம்பி வந்துள்ளனர். ஒரு பத்தியில் ஆங்கிலத் தொடரும் எதிர்ப்பத்தியில் இந்தியமொழி நிகரனும் கொண்ட இந்நூல்வகையில், 1970களில் தோன்றிய ராபிடெக்ஸ் நூல் நாடறிந்தது. கேரளத்தில் இத்தேவை தனித்த வடிவம் பெற்றுள்ளது. மாநில எழுத்தறிவு இயக்கம் ‘குட் இங்கிலீஷ்’ என்னும் சான்றிதழ்ப் படிப்பை நடத்தியுள்ளது. நோர்க்கா ரூட்ஸின் மொழிப் பயிற்சி நிலையம் அயல்நாடு செல்லும் செவிலியர்க்குத் திருவனந்தபுரத்தில் பயிற்சியளிக்கிறது.

இருபத்திக் கையேடுகள் இலக்கணத்தை மனப்பாடமாக்குகின்றன என்பது வழக்கமான குற்றச்சாட்டு. அது சிறுகுறையே. பெருங்குறை ஆங்கிலப் பத்தியில் இல்லை; தாய்மொழிப் பத்தியில்தான் உள்ளது. அங்கே அச்சாகியிருப்பது பல இடங்களில் தமிழுமன்று, மலையாளமுமன்று.

‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்னும் நிகரனை எடுத்துக்கொள்வோம். வீட்டிற்கு வந்தவரிடம் எந்தத் தமிழரும் இவ்வாறு கூறுவதில்லை. பணிவு ‘-உங்கள்’ விகுதியிலேயே அடங்கிவிடுகிறது. பேச்சில் ‘தயவுசெய்து’ வருமாயின் அது மன்றாட்டாகவோ சலிப்பாகவோ இருக்கும். (அறிவிப்புப் பலகைகளில் இச்சொல்லை நிலைபெறச் செய்ததில் மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கும் பங்குண்டு.) ஏவல்வினையின் முன் ‘ப்ளீஸ்’ சேர்த்தால் போதும் என்று கற்பவர் இதிலிருந்து முடிவு செய்கிறார். அவ்வாறு பிறக்கும் ஆங்கிலத் தொடர் பல சூழல்களில் கட்டளையாகவே ஒலிக்கிறது.

தமிழில் வேண்டுகோளை மென்மையாக்கும் சொல் ‘கொஞ்சம்’. மலையாளத்தில் அப்பணியைச் செய்வது ‘ஒன்னு’. ‘கொஞ்சம் கையை நீட்டுங்க’ என்பதில் அளவுப்பொருள் இல்லை. ‘ஒன்னு நோக்கூ’ என்பதில் எண்ணுப்பொருளும் இல்லை. ஆங்கிலத்தில் ‘குட் யூ’ என்னும் வினாவடிவம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. கையேட்டுச் சொற்பட்டியலோ முன்னதற்குச் ‘சிறிது’ என்றும் பின்னதற்கு ‘ஒன்று’ என்றும் பொருள் தந்து அமைகிறது. சாலைக் கடைத்தெருவில் இருமொழியும் புழங்கும் தமிழர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாள ‘வராமோ’ கேட்பவரை வரும்படி வேண்டுவது; தமிழ் ‘வரலாமா’ பேசுபவர் தாம் வர இசைவு கேட்பது. வடிவ ஒப்புமையை நம்பி ஒரு மொழிக் கையேட்டை மற்றொன்றிற்கு மாற்றினால் இரண்டிற்கும் ஒரே ஆங்கிலத் தொடர் வந்து சேரும்.

இதன் விளைவை இக்கட்டுரையாளர் மாலை வகுப்பொன்றில் நேரிற் கண்டார். பல்லாண்டு பணியனுபவமுள்ள செவிலியர் ஒருவர், மருந்துண்ண மறுக்கும் முதிய நோயாளியிடம் பேசுவதாக நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ‘யூ மஸ்ட் டேக் மெடிசின்’ என்றார். உங்கள் மருத்துவமனையில் எவ்வாறு கூறுவீர்கள் என வினவியபோது, ‘ஈ மருந்நு ஒன்னு கழிக்கணே, அம்மச்சீ’ என்று வந்தது. குரலும் மாறியது. ‘-அணம்’ விகுதிக்கு ‘மஸ்ட்’ என்பதே அவர் பயின்ற நிகரன். ‘-அணே’ ஆகும்போது அது கனிந்த வேண்டுகோளாகிவிடுவதை எப்பட்டியலும் அவருக்குக் காட்டவில்லை. செவிலியர் எழுதும் தொழில்சார் ஆங்கிலத் தேர்வான ஓஇடி, 2018 முதல் நோயாளியுடன் உறவை வளர்க்கும் திறனையும் பேச்சுப்பகுதியில் மதிப்பிடுகிறது. தம் மொழியில் இவர் முழுமையாகப் பெற்றிருந்த திறன் அதுவே.

சொற்பொருள் விளங்க நேர்நிகரன் வேண்டுமென்பர். வேண்டுமாயின், மொழியியலார் செய்வதுபோல அதனைத் தனி வரியில் சொல்லுக்குச் சொல் தரலாம். அதுவே வழக்கு என்று காட்டுவதுதான் தவறு. ஐரோப்பிய மன்றம் 1975இல் வெளியிட்ட வான் ஏக்கின் ‘த்ரெஷோல்ட் லெவல்’ வயது வந்தோர்க்கான மொழிப்பாடத்தைப் பேச்சுச்செயல்களின் அடிப்படையில் வகுத்தது. அப்பட்டியலை அப்படியே பெயர்த்தால் ‘வேண்டுகோள்’ என்னும் தலைப்பின்கீழ் மீண்டும் ‘தயவுசெய்து’தான் வரும். கற்பவரின் வாய்மொழியைத் திரட்டி, அதே செயலை ஆங்கிலம் எவ்வாறு நிகழ்த்துகிறது எனக் கேட்பதே தொடக்கமாக வேண்டும்.

அச்செவிலியர் இரண்டாம் முறை ‘குட் யூ’ என நன்றாகவே தொடங்கினார். ஆயின் நடுவில் நிறுத்தி, ‘அம்மச்சி’க்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார். கையேட்டில் விடையில்லை, அன்று இக்கட்டுரையாளரிடமும் இல்லை.