கொண்டைக்குப் பின்னால்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் குமராட்சி. அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். அதே சாலையில் இன்னும் போனால் வீராணம் ஏரி. கல்கியின் வந்தியத்தேவன் குதிரையில் வந்தானே, அதே கரை. 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்த பிறகு, மாறுவேடம் என்றால் ஒரு குந்தவை கட்டாயம் இருக்கிறாள்.

அன்றைய குந்தவைக்கு எட்டு வயசு. வசனம் பிரமாதம். கோபமாக ஒரு திருப்பு திரும்பினாள் பாருங்கள், கொண்டை கழன்று மேடையில் உருண்டது. சபை சிரித்தது. அவள் அசரவில்லை. குனிந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிச்ச வசனத்தையும் சொல்லி முடித்தாள். ராஜகுமாரிதான், சந்தேகமே இல்லை.

அப்புறம் அந்தக் கொண்டையை வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பந்து, மேலே நைலான் முடி, அடியில் எலாஸ்டிக், இரண்டு கிளிப். முன்பக்கம் தங்கச் சரிகை ஒட்டியிருந்தது. பின்பக்கம் மொட்டை.

"முன்னாடிதானே சார் பாக்கறாங்க?" என்றார் மேக்கப் போட்டவர்.

நம் சரித்திர வேஷங்கள் மேல் எனக்குள்ள புகார் மொத்தமும் இந்த ஒரு வரியில் அடக்கம். பள்ளிக்கூட மேடை மட்டுமில்லை, டி.வி. சீரியல் ராஜாக்களின் டோப்பாவையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காமிராவுக்குத் தெரிகிற வரைதான் சரித்திரம். அதற்குப் பின்னால் எலாஸ்டிக்.

பின்பக்கத்தைப் பார்த்ததாலேயே ஒரு பெண்மணி வரலாற்று அறிஞர்களைத் திருத்தியிருக்கிறார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜேனட் ஸ்டீஃபன்ஸ். பேராசிரியர் இல்லை, முடி அலங்காரம் செய்பவர். 2001 வாக்கில் அந்த ஊர் வால்ட்டர்ஸ் மியூசியத்தில், ரோமாபுரி மகாராணி ஜூலியா டோம்னாவின் மார்பளவுச் சிலையைப் பார்த்தார். சிலையைச் சுவரோடு ஒட்டாமல் வைத்திருந்ததால் பின்னால் போய்க் கொண்டையைப் பார்க்க முடிந்தது. வீட்டுக்கு வந்து அதே மாதிரி போட்டுப் பார்த்தார். ஹேர்பின்னுக்கு அது நிற்கவில்லை.

பழைய நூல்களைப் புரட்டினார். லத்தீனில் 'ஆகுஸ்' என்று ஒரு சொல். கூந்தல் விஷயத்தில் வரும்போதெல்லாம் அறிஞர்கள் அதை ஹேர்பின் என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். ஆனால் அதற்குத் தையல் ஊசி என்றும் அர்த்தம் உண்டு. இவர் ஊசியில் நூலைக் கோத்தார், பின்னலைப் பின்னலோடு வைத்துத் தைத்தார். கொண்டை கம்பீரமாக நின்றது! விக் இல்லாமல் முடியாது என்று நினைத்திருந்த அலங்காரங்களைச் சொந்த முடியிலேயே செய்யலாம் என்று காட்டி, 2008-ல் 'ஜர்னல் ஆஃப் ரோமன் ஆர்க்கியாலஜி'யில் கட்டுரையும் எழுதினார். கையால் செய்து பார்த்தவருக்குக் கிடைத்த விடை அது.

நாமும் 'கொண்டை ஊசி' என்றுதான் சொல்கிறோம். என்ன, இப்போது அந்தச் சொல் அதிகம் புழங்குவது கொல்லிமலை ரோட்டு வளைவுகளில்.

செய்து பார்ப்பது நமக்குப் புதுசும் இல்லை. சிதம்பரம் கோபுர வாசல்களின் உட்சுவரில் நாட்டியக் கரணங்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்கு, மேற்கு கோபுரங்களில் அவற்றுக்கான சுலோகங்களும் கிரந்த எழுத்தில் உண்டு. பத்மா சுப்ரமணியம் நாட்டிய சாஸ்திரத்தையும் சிற்பங்களையும் ஒப்பிட்டு, 108 கரணங்களையும் தன் உடம்பால் ஆடிப் பார்த்து மீட்டார். காலுக்கும் இடுப்புக்கும் கிடைத்த அந்த மரியாதை நம் மேடைகளில் தலைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

சுவர்ச் சிற்பத்துக்குத்தான் முதுகு தெரியாது. சோழர் செப்புத் திருமேனிகளுக்குத் தெரியும். தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போனால் சுற்றி வந்து பார்க்க முயலுங்கள். பின்னந்தலையில் சிரச்சக்கரம், தோளில் விழும் சுருள்கள் என்று எல்லாவற்றையும் சிற்பி செதுக்கி வைத்திருப்பார். பட்டும் மாலையும் சார்த்தினால் மறைந்துபோகும் இடம் என்று அவருக்குத் தெரியாதா? கூந்தலை முடிக்கும் விதத்தில் குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்று ஐந்து உண்டு. சேர்த்து 'ஐம்பால்' என்கிறது தமிழ். ஐந்துக்கும் பதிலாக நாம் வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பந்து.

"ஒரு ஆண்டுவிழாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் ஆராய்ச்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே! பாட்டி உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகி வைப்பாள், சவுரிக்கு. வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று பிரித்தால்தான் சவுரி உருப்படும். முடியின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் நுனியைப் பார்த்தே படிந்திருக்கும். தலைகீழாகக் கலந்தால் சிக்குதான். இது பாட்டிக்கு விரல் நுனியில் தெரியும்.

தாழம்பூ ஜடை ஞாபகம் இருக்கிறதா? மடலை மடித்து, பின்னலோடு வைத்து ஊசி நூலால் தைப்பார்கள். பெண் மணிக்கணக்கில் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். தலையில் தைப்பது ரோமாபுரிக்கு மட்டும் சொந்தமில்லை. தைத்து முடித்ததும் நேராக ஸ்டுடியோ. பெண்ணை நிற்க வைத்து, பின்னால் ஒரு கண்ணாடி வைத்து, ஜடையும் தெரிகிற மாதிரி போட்டோ. பின்பக்கத்துக்கும் சேர்த்துப் படம் பிடித்த ஜனங்கள் ஐயா நாம்!

அந்தக் கைகளுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் பெண் அடுத்த வருஷம் குந்தவையாக நின்றால், வாடகைக் கடைக்கு ஓடும் முன் ஒரு ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போங்கள். திட்டிக்கொண்டேதான் தைப்பாள். தலையைப் பின்னுக்கு இழுப்பாள். குழந்தை "ஆ" என்று கத்தும்.

ஆனால் மேடையில் எத்தனை கோபமாகத் திரும்பினாலும் கொண்டை உருளாது.