கடல்நீரில் மிதக்கும் செம்பு

உப்புத் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்குத் தெரியும்: சோப்பு நுரைக்காது, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டும். பழியை உப்பின் மேல் போடுகிறோம். உண்மையில் சோப்பைக் கெடுப்பவை தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். சுரங்கத் துறையும் இதே பிழையைச் செய்கிறது.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சென்டினெலா செம்புச் சுரங்கம், ஏறத்தாழ 145 கி.மீ. தொலைவிலிருந்து 2,300 மீட்டர் உயரத்துக்குக் கடல்நீரை ஏற்றி, உப்பு நீக்காமலே தாதுவின் செம்புத் துகள்களை நுரையில் மிதக்க வைத்துப் பிரிக்கிறது. நன்னீர் மிக அரிதான மண்ணில் இது துணிச்சலான, பாராட்ட வேண்டிய முடிவு.

உப்பு இங்கே உதவவும் செய்கிறது. நன்னீரையும் கடல்நீரையும் இரண்டு பாட்டில்களில் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். நன்னீரில் பெரிய குமிழிகள் சட்டென்று மறையும். கடல்நீரில் பொடிக்குமிழிகள் பால்போல் சற்று நேரம் நிற்கும். உப்பு, குமிழிகளை ஒன்றோடொன்று சேரவிடுவதில்லை. நுரைப்பான் செய்யும் வேலையில் ஒரு பகுதியை உப்பே செய்துவிடுகிறது. செம்புத் துகளைப் பற்றும் சாந்தேட்டும் கடல்நீரில் பெரிதாகக் கெடுவதில்லை. சோப்பின் உறவான கொழுப்பு அமிலங்களை நம்பும் பாஸ்பேட் தாதுவுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அந்த அமிலம் தாதுவைத் தொடுமுன்பே திரிந்துவிடும்.

சிக்கல் சுண்ணாம்பில் தொடங்குகிறது. செம்புத் தாதுவோடு கலந்துவரும் வேண்டாத இரும்புக் கனிமமான பைரைட் மிதக்காமலிருக்க, சுண்ணாம்பு சேர்த்து பி.எச். அளவை 11 வாக்கில் உயர்த்துவது வழக்கம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் இருக்கிறது. அது முழுவதும் ஹைட்ராக்சைடாகப் படியவே 3 கிராம் சுட்ட சுண்ணாம்பு போய்விடும். செலவு ஒருபுறம். அந்தக் கொழகொழப்பான படிவு மாலிப்டினம் தரும் மாலிப்டினைட் துகள்களைப் போர்த்தி, குமிழியில் ஒட்டவிடாமல் செய்கிறது. செம்போடு கிடைக்கவேண்டிய மாலிப்டினம் கழிவோடு போகிறது. சுண்ணாம்பைக் குறைத்து, சோடியம் மெட்டாபைசல்பைட்டால் பைரைட்டை அடக்கும் வழி எனக்கு நம்பிக்கை தருகிறது.

உப்பு நீக்கும் மின்செலவு மிச்சம் என்ற வாதத்தையும் அளந்து பார்க்கவேண்டும். கடல்நீரின் உப்பை நீக்கி ஒரு கன மீட்டர் நன்னீர் பெற 3 முதல் 4 யூனிட் போதும். அதே அளவு தண்ணீரை 2,300 மீட்டர் ஏற்ற, இழப்பே இல்லையென்றாலும் 6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். பெரிய செலவு மலையேற்றத்தில்தான். அது இரு வழிக்கும் பொது. உப்பு நீக்கினால் கடலில் கொட்டவேண்டிய அடர் உப்புக்கழிவு மிஞ்சும் என்பது மட்டும் மறுக்கமுடியாத குறை.

கடல்நீரை அப்படியே பயன்படுத்தத் திட்டமிடுபவர்கள், குழாய் போடுமுன் தாதுவில் பைரைட் எவ்வளவு, மாலிப்டினைட் எவ்வளவு என்று பார்க்கட்டும். இரண்டும் மிகுந்த தாதுவுக்கு உப்பு நீக்கிய நீரே சரி.