வழி சொல்லும் பூனை

நம்மவர்களுக்குப் பயணத்தில் பூனை ஆகாது. புறப்படும்போது குறுக்கே போய்விட்டால், திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவோம். அமெரிக்காவிலோ பூனையை வண்டிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய வீட்டு வண்டி அது. சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் ‘கேரவன்’ என்று நமக்கும் பழக்கமான ஜாதி. காட்டோரமாக நிறுத்தி, பூனையின் மார்பில் பட்டை மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உலாவுகிறார்கள். அங்குள்ள தேசியப் பூங்காக்களில் அந்தக் கயிறு 6 அடிக்கு மேல் நீளக்கூடாது என்று விதியே இருக்கிறது.

இதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை இருக்கிறது. பிராணியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் அதைப் புத்தகமாகவும் எழுதிவிடுகிறார்கள். அவற்றுள் பேர்போனது ஜான் ஸ்டைன்பெக் 1962-ல் வெளியிட்ட ‘டிராவல்ஸ் வித் சார்லி’. 1960-ல் அவர் ஒரு டிரக்கின் முதுகில் சிறு வீட்டை ஏற்றி, அதற்கு டான் குவிக்ஸாட்டுடைய குதிரையின் பெயரை வைத்து, சார்லி என்ற நாயுடன் சுமார் 10,000 மைல் சுற்றினார். தம் தேசத்தைத் தேடிப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார்.

நல்ல நடை, வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. பல பக்கங்களில் சார்லி நாயாக இல்லை. ஆசிரியர் பேச நினைத்ததைக் கேட்டுக்கொள்ளும் காதாக இருக்கிறது. அயலாரோடு பேச்சுத் தொடங்க வேண்டுமா? சார்லியை முன்னால் அனுப்பிவிடுகிறார். அந்தப் பயணத்தில் பல இரவுகள் விடுதிகளில் கழிந்தன, பல நாட்கள் மனைவியும் உடனிருந்தார் என்று 2011-ல் ஒரு பத்திரிகையாளர் ஆராய்ந்து எழுதினார். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான்; கற்பனையைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் புகார் வேறு. எதிர்வார்த்தை பேச ஆளில்லாத வண்டியில் ஆசிரியரின் குரல் ஒன்றே கேட்கிறது என்பதுதான்.

அந்த நூலில் எனக்குப் பிடித்த இடம் யெல்லோஸ்டோன் பூங்கா. கரடிகளைக் கண்டதும் சாதுவான சார்லி வெறிகொண்டு குரைக்கிறது. வேறு வழியில்லாமல் ஸ்டைன்பெக் வண்டியைத் திருப்பிவிடுகிறார். அங்கே பிராணி வழியைத் தீர்மானிக்கிறது. புத்தகமும் அங்கே உயிரோடு இருக்கிறது.

பூனையோடு போனால் ஒவ்வொரு நாளும் யெல்லோஸ்டோன்தான். நாய் ஆளோடு ஒட்டும். பூனை இடத்தோடு ஒட்டும். சாக்கில் கட்டி அடுத்த தெருவில் விட்டாலும் அது நம் அடுப்படிக்கே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? வண்டிதான் வீடு என்று அது ஒப்புக்கொள்கிற வரையில் இருக்கைக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும். வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்தே நிமிஷம் கடைக்குப் போய் வந்தால், வண்டிக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். ஆகவே எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது என்பதையெல்லாம் பூனையை உத்தேசித்தே முடிவு செய்யவேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட படைப்பு ஒரு சினிமாப் படம்: 1974-ல் பால் மஸர்ஸ்கி எடுத்த ‘ஹாரி அண்ட் டோன்டோ’. குடியிருந்த கட்டிடத்தை இடிப்பதால் தெருவுக்கு வந்த கிழவர் ஒருவர், டோன்டோ என்ற பூனையுடன் நியூயார்க்கிலிருந்து மேற்கே போகிறார். வீட்டு வண்டிகூட இல்லை. விமான நிலையத்தில் பூனைக் கூடையைக் கைவிட மறுக்கிறார், விமானம் போயிற்று. பூனைக்குச் சிறுநீர் கழிக்க இடம் வேண்டுமென்று பஸ்ஸை நிறுத்துகிறார். பூனை வயலுக்குள் ஓட, பஸ்ஸும் போயிற்று. பிறகு ஒரு பழைய கார். அந்தக் கார் இருந்ததால்தான் வழியில் ஒரு சிறுபெண் ஏறிக்கொள்கிறாள். முதியோர் இல்லத்தில் நினைவு மங்கிக் கிடக்கும் பழைய காதலியைப் போய்ப் பார்த்து, அவளோடு ஒரு நடனம் ஆடவும் முடிகிறது. தேசத்தைத் தேடுவதாக ஹாரி சொல்லவில்லை. பூனை நிறுத்திய இடங்களில் நின்றார். தேசம் தானாக எதிரே வந்தது. ஹாரியாக நடித்த ஆர்ட் கார்னிக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது; தகும். பூனை இறந்த பிறகு கடற்கரையில் அதே சாயலில் இன்னொரு பூனையைக் காட்டுகிறார்களே, அந்தச் சர்க்கரையை மட்டும் குறைத்திருக்கலாம்.

பிராணியைத் துணையாகக் கூட்டிப்போவது வேறு. அதற்கு இஷ்டம் என்று ஒன்று இருப்பதாக மதிப்பது வேறு. எழுத்துக்கும் இது பொருந்தும். தான் படைத்த பாத்திரத்தை இழுத்த இழுப்புக்கெல்லாம் வரவைக்கிற கதாசிரியனுக்கும், பேச்சுத் துணைக்கு நாயைக் கூட்டிப்போகிறவனுக்கும் பேதமில்லை.

பூனையோடு காட்டில் தங்கப் போகிறவர்கள் குறிப்பு எழுதுவதானால், எத்தனை மைல் போனோம் என்ற கணக்கைச் சுருக்கமாகவே எழுதட்டும். எந்த இடத்தில் அது இறங்க மறுத்தது, அதனால் யாரைச் சந்திக்க நேர்ந்தது என்பதை விரிவாக எழுதட்டும். நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன்.