மோல்டனின் ரப்பர்

மினி காரின் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் கோனைக் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. காயில் போட்டால் மேடுபள்ளம் தெரிவதில்லை என்கிறார்கள். நேர்ச்சாலையில் அது உண்மைதான். பின்னிருக்கையில் இருவரை ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவில் திருப்பிப் பார்க்கட்டும்.

அறுநூறு கிலோ சொச்சம் எடையுள்ள வண்டி. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் பாதி எடை கூடிவிடும். வெறும் வண்டிக்கு இளகியும் சுமைக்கு விறைத்தும் நிற்க வேண்டிய வேலையை, 1959-இல் பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் அந்தச் சின்ன ரப்பர் கூம்பிடம் ஒப்படைத்தார். பின்சக்கரத்தின் அசைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கோனுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் கொஞ்ச இடத்துக்குள் அது நசுங்க நசுங்க இறுகும் அழகை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது. அதிர்வில் கொஞ்சத்தை ரப்பர் தானே விழுங்கிவிடும். எஃகுச் சுருள் வாங்கியதைத் திருப்பித் தள்ள, முழுப் பாரமும் ஷாக் அப்சார்பர் தலையில் விழும். 1964 தொடக்கத்தில் பேடி ஹாப்கர்க் மினியில் மோன்டி கார்லோ ராலியை வென்றதும் இந்தக் கோன்களின் மேல்தான். இலங்கையின் ரம்பொடை மலை வளைவுகளில் மாமா தன் மினியை ஏற்றும்போது, வண்டி சாயாமல் திரும்பும் அந்தச் சுகத்துக்காகவே நான் கூடப் போவேன்.

1964 பிற்பகுதியில் மினிக்கு வந்த, திரவத்தில் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனும் மோல்டனுடையதே. அதன் மிதப்பை விரும்புவோரின் ரசனை புரிகிறது; ஆனால் முடுக்கினால் மூக்கைத் தூக்கும் நடை எனக்கு ஒட்டவில்லை. சில ஆண்டுகளில் மினியைச் செய்த கம்பெனியே கோனுக்குத் திரும்பியது. 2000-இல் கடைசிப் பழைய மினி வெளிவரும்வரை அதுதான் நிலைத்தது.

கோனோடு சேர்த்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹை-லோ போடுவதில் எனக்கு மறுப்பில்லை. தளர்ந்து இறங்கிய உயரத்தை அது மீட்டுத் தரும். தரையோடு தரையாகத் தாழ்த்தி, பம்ப் ஸ்டாப்பின் மேலேயே ஓட்டிக்கொண்டு, மினி குலுக்குகிறது என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

பெரிய வருத்தம் இன்றைய மாற்றுக் கோன்கள். பழைய ரப்பரின் தரம் பலவற்றில் இல்லை. நான் வாங்கிய ஒரு செட் சில மாதங்களில் குந்திக் கல்லாகிவிட்டது. இப்படிப்பட்ட சரக்குதான் நல்ல வண்டிகளைக் காயிலின் பக்கம் துரத்துகிறது.

ஆகவே பணத்தை இந்த வரிசையில் போடுங்கள்: தேடிப் பிடித்த நல்ல கோன்கள், அவற்றுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர், கோனுக்கு அசைவைக் கடத்தும் நக்கிள் ஜாயின்டுக்குப் புது நைலான் கிண்ணமும் கிரீஸும். நக்கிள் ஜாயின்ட் காய்ந்து கிடக்கும் வண்டியை ஓட்டிவிட்டு மோல்டனின் ரப்பரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.