யூகியின் ஆக்டோபஸ்

ஜப்பானிய இலக்கியம் என்றதும் பாஷோவின் தவளையையும் கவாபட்டாவின் பனியையும் எடுத்துக்கொண்டு வருபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு கடல் சாவதை எழுதிக் காட்டியவர் இஷிமுரே மிச்சிகோதான். ஹிரோஷிமாவை நாட்குறிப்புகளால் சொல்லும் இபுசேயின் 'கருப்பு மழை'யைக் கொண்டாடும் நண்பர் ஒருவர், அந்த அடக்கம் இஷிமுரேயிடம் இல்லை என்பார். இல்லைதான். மினமாட்டா மீனவர்கள் என்ன, நாட்குறிப்பா எழுதிக்கொண்டிருந்தார்கள்?

இஷிமுரேயின் 'குகாய் ஜோடோ'வில் (1969) யூகி என்ற மீனவப் பெண் பேசும் அத்தியாயம் ஒன்று போதும். சிஸ்ஸோ ஆலை 1968 வரை மினமாட்டாக் கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக அவள் நரம்புக்குள் போய்விட்டது. கை நடுங்குகிறது, நாக்குக் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தபடி, புருஷனோடு படகில் போன நாட்களைச் சொல்கிறாள். ஆக்டோபஸ் பிடிக்கப் போட்ட பானையைத் தூக்கினால் அது அடியில் காலை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்து முழிக்குமாம். படகேறிய பிறகு என்ன பிடிவாதம், வா வெளியே என்று அதட்டுகிறாள். அந்த அதட்டலில் இருக்கும் செல்லம்! எத்தனை முறை படித்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறேன். அதுவும் ஊர்ப்பேச்சில். இது வாக்குமூலமே கிடையாது, இஷிமுரேயின் புனைவு என்று, இதைத் தொடராக வெளியிட்ட வதனபே கியோஜி பின்னால் எழுதினார். எனக்கு மரியாதை கூடியது.

ஓசூரை ஒட்டிய சானமாவில் இருந்து படிப்பதால்தான் இத்தனை பிடிக்கிறதோ என்னவோ. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இந்தக் காட்டுக்கு வரும். பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் பெங்களூருக் கழிவு நுரைத்துப் பொங்கும். பரணில் விடிய விடியத் தகரம் தட்டும் கிழவர் யானையைத் தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் கும்பிடுவார், தமிழில் புலம்புவார். இந்த மும்மொழிப் புலம்பலை நம் எழுத்தில் நான் படித்ததில்லை. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' நல்ல கதை. ஆனால் அதில் பேசுபவர்கள் வன அதிகாரியும் மருத்துவரும். இப்போது வரும் சூழலியல் கட்டுரைகளில் வலசைப் பாதை, வாழிடம் எல்லாம் பிசகாமல் இருக்கின்றன. ஒரு மனிதரும் வாய் திறப்பதில்லை. நம் ஹைக்கூவைக் கேட்கவே வேண்டாம். மரத்தை வெட்டாதே என்ற சுவர் வாசகத்தை மூன்றாக மடித்தால் பரிசு.

"கிழவர் பேசுவதை அப்படியே எழுதிவிட்டால் இலக்கியமாகிவிடுமா?" என்கிறார் நண்பர். ஆகாது. யூகியையும் இஷிமுரே அப்படியே எழுதவில்லையே.