ஒரே கிண்ணம்

ஒரு நூலைத் திறனாய்வதற்கு அதன் கொள்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அதனை முழுதும் படித்தல் வேண்டும். வழிபாட்டுக்கும் அஃதே விதி. வெளியே நின்று பழிப்பதும் எளிது. உள்ளே நின்று புகழ்வதும் எளிது. உள்ளே சென்று கண்டு, பின் கருத்துரைப்பதே நேர்மை. அந்த எண்ணத்துடன், கோவை நகரில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஆலயமொன்றின் ஞாயிறு வழிபாட்டில் நாம் முதன்முறையாக அமர்ந்தோம்.

கொங்கு நாட்டுக்கு இவ்வழிபாடு நேற்று வந்ததன்று. இலண்டன் மிஷன் சங்கம் 1830-ஆம் ஆண்டிலேயே கோவையில் காலூன்றியது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் பல சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, அச்சங்கம் வளர்த்த சபைகளும் அதனுள் கலந்தன.

முதலில் நம்மை ஈர்த்தது மொழி. தொடக்கம் முதல் முடிவு வரை தமிழ்! மறைநூற்பகுதியைப் படித்தவர் குருவானவர் அல்லர். மக்கள் வரிசையிலிருந்து எழுந்து சென்ற ஒரு பெண்மணி. 'படிக்க உனக்கு என்ன தகுதி?' என்று எவரும் கேட்டாரில்லை. கோயிலில் தமிழ் அருச்சனை வேண்டும் என்று நெடுங்காலம் குரல் கொடுத்து வந்த நமக்கு, அக்காட்சி நூறு சொற்பொழிவுகளுக்கு ஒப்பாகும்.

ஆனால், எந்தத் தமிழ்? ஸ்தோத்திரம், பரிசுத்தம், கிருபை, இரட்சிப்பு, ஆசீர்வாதம் என்று வடசொல் வரிசை வரிசையாய் வந்து நிற்கிறது. இறைவனைக் குறிக்கும் சொல்லின் கதையைப் பாருங்கள். சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். பப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போவர் 'தேவன்' என்றார். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஊரெல்லாம் சுற்றி உள்ளூர்ச் சொல்லுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று! வந்த பின்னும் நாம் கேட்டது பழைய நடையே. பழகிய செவிக்கு அது இனிக்கலாம். புதிதாய் வந்தவன் செவிக்கு அது பாதி வழி வந்து நின்றுவிடுகிறது.

இசையிலும் இவ்விரு நிலை உண்டு. பாமாலை மேனாட்டு மெட்டில் நடக்கிறது. மெட்டுக்காகக் குறில் நெடிலாகிறது, நெடில் குறிலாகிறது. கீர்த்தனை எடுத்தவுடனோ அவை முழுவதும் உயிர்பெறுகிறது. முதியவர் தொடையில் தாளம் தட்டுகிறார். ஈரோட்டில் பணிபுரிந்த பாப்லி பாதிரியார் இதனை அன்றே உணர்ந்தார். 1921-இல் இந்திய இசை பற்றி நூல் எழுதியவரும், 1931-இல் குறளை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே.

இவற்றினும் பெரியது இனி வருவது. திருவிருந்துக்கு முன் ஒருவர் உள்ளங்கைகளுக்கிடையே மற்றொருவர் கைகளை வைத்துச் சமாதானம் வழங்குகின்றனர். கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர் காத்துவந்த வழக்கத்தினின்று, 1950-இல் இச்சபை தன் வழிபாட்டு முறையில் ஏற்றுக்கொண்டது இது. பெயர் கேளாமல், ஊர் கேளாமல், முன்பின் அறியாத நம் கைகளையும் பக்கத்திலிருந்தவர் பற்றினார். பின்னர் அனைவரும் பீடத்தின் முன் முழந்தாளிட்டனர். ஒரே அப்பம், ஒரே கிண்ணம். ஒருவர் பருகிய அதே கிண்ணம் அடுத்தவர் உதட்டுக்குச் சென்றது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த கொங்கு மண்ணில் ஒரே கிண்ணம்! இதைவிடச் சிறந்த சீர்திருத்த நாடகத்தை எவர் எழுதிவிட முடியும்?

நாடகம் என்றோம், திரை விழுந்த பின் என்ன நடக்கிறது என்பதே எம் வினா. வரலாறு முழுவதும் இனிப்பாய் இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டார். அதை ஏற்க மனமின்றி வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். இனிய தமிழில் ஏசுவைப் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு வக்காலத்து எழுதினார். பாட்டு மட்டும் தமிழானால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910-இல் இடித்தார்கள். கற்சுவர் விழுந்தது, மனச்சுவர்? மணமக்கள் தேவை என்னும் விளம்பரங்களைப் படியுங்கள்; கிறிஸ்தவர் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் அமர்ந்திருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணத்தில் பருகிய உதடு, திங்கட்கிழமை 'நீ என்ன ஆள்?' என்று கேட்குமானால், பருகியது வீண். வழிபாடு பொய் என்பதன்று எம் கருத்து. அது கூறும் உண்மை பெரிது. அதைக் கேட்டவர் அதனை வாயிலிலேயே விட்டுவிட்டுப் போகின்றனர் என்பதே குறை.

இக்குறை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. மேடையில் சமத்துவம் முழங்கி, வீட்டுத் திருமணத்தில் சாதி பார்ப்பவர் எம்மதத்திலும் உளர். மதமே வேண்டாம் என்பவரிலும் உளர். ஆயினும், வாரந்தோறும் ஒரே கிண்ணத்தை ஏந்தும் கைகளிடம் நாம் கூடுதலாகவே எதிர்பார்ப்போம். அந்தக் கிண்ணம் பீடத்தினின்று இறங்கட்டும், தெருவுக்கு வரட்டும், மணப்பந்தலுக்குள்ளும் நுழையட்டும்!