சாயலைக் காண ஒரு சபை

திரைப்பட விழா என்றதும் விருதும் விளம்பரமுமே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் கலைஞர்களுக்காக நடத்தும் விழாக்களை அந்த அளவுகோலால் அளப்பது பொருந்தாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1992ஆம் ஆண்டு டேனி குளோவர், ஜானெட் டுபாய்ஸ், அயுக்கோ பாபு ஆகியோர் தோற்றுவித்த பான் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள் முதலிய பகுதிகளைச் சார்ந்த கறுப்பின இயக்குநர்களின் படங்கள் அங்கே திரையிடப்படுகின்றன. கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் கிரென்ஷா வட்டாரத் திரையரங்குகளிலேயே அது பல ஆண்டுகள் நடைபெற்றது. இத்தகைய விழா உண்மையில் எதைச் சாதிக்கிறது?

அதே நகரின் வாட்ஸ் பகுதியில் உருவான ஒரு படத்தின் வரலாறு இதற்கு விடை காண உதவும். சார்லஸ் பர்னெட் என்பவர் பல்கலைக்கழக முதுகலைப் பட்டத்திற்கென எடுத்து 1977இல் அளித்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ என்பதே அப்படம். செலவு 10,000 டாலருக்கும் குறைவு. 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் அதில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை பெறப்படாமையால், 2007 வரை திரையரங்குகளில் முறையாக வெளியாகவில்லை. நாட்டின் செல்வமெனப் போற்றப்பட்ட படம், எம்மக்களைப் பற்றியதோ அம்மக்களின் அரங்குகளை அடைய முப்பது ஆண்டுகள் ஆயின. பாராட்டுப் பெறுவது வேறு, காண்போரைப் பெறுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பள்ளத்திலேதான் சமூக விழாக்கள் தொண்டாற்றுகின்றன.

படத்தின் நாயகன் ஸ்டான், ஆடறுக்கும் தொழிற்கூடத்தில் உழைத்து உறக்கமிழந்தவன். ஆடுகள் வெட்டுமிடத்திற்கு நடத்தப்படும் காட்சியைக் கண்டவுடன், ஏசாயா 53ஆம் அதிகாரத்தை நினைந்து பிரசங்கக் குறிப்பு எழுதத் தொடங்குவது நமக்கு எளிது. அவ்வாறு செய்வோமாயின் ஸ்டானை இழந்துவிடுவோம். அவன் அடிக்கப்படும் ஆடு அல்லன். கூலிக்கு ஆட்டை அறுப்பவன். சூடான கோப்பையைக் கன்னத்தில் வைத்து அன்பின் வெம்மையை நினைவுகூர்பவன். இரட்சணிய சேனைக்குப் பொருள் கொடுப்பவன் எப்படி ஏழையாவான் என்று வாதிடுபவன். பர்னெட் அவனைக் குறியீடாக்கவில்லை, மனிதனாகவே விட்டுவைத்தார். இதுவே படத்தின் மேன்மை.

பிறர் நடுவே திரையில் தோன்றும் ஒவ்வொரு கறுப்பின மாந்தனும் தன் இனம் முழுவதற்காகவும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறான். அவன் நல்லவனாயின் விதிவிலக்கு, தீயவனாயின் சான்று. தன் மக்கள் கூடியிருக்கும் அரங்கிலோ அவன் களைத்த கணவனாக மட்டும் இருக்கலாம். தேவ சாயல் என்பது மாசற்ற உருவப்படம் அன்று; குறையோடும் மாண்பு இழவாத மனித நிலையே அது. அதனைக் காணும் உரிமையை மீட்டுத் தருவதே இவ்விழாக்களின் முதற்பணி என்பது என் கருத்து.

எனினும் விழா சில நாள்களில் முடிந்துவிடும். எஞ்சிய நாள்களில் திருச்சபையின் பங்கு யாது? ஸ்பென்சர் வில்லியம்ஸ் ஏறத்தாழ 5,000 டாலர் செலவில் 1941இல் எடுத்த ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ கறுப்பின ஆலயங்களிலும் திரையிடப்பட்டது. பக்தியைப் போற்றும் அப்படத்திற்குக் கதவு திறப்பதில் இடர்ப்பாடு இல்லை. ஆஸ்கர் மிஷோ 1925இல் தந்த ‘பாடி அண்ட் சோல்’ படத்திற்குத் திறப்போமா என்பதே சோதனை. அதில் சிறையினின்று தப்பிய ஒருவன் போதகனாக வேடமிட்டு வருகிறான். நடித்தவர் பால் ராப்சன். அவரே ஒரு போதகரின் மகன். அவ்வேடதாரி ஓர் ஏழைத் தாய் வேதாகமத்தில் மறைத்துவைத்த சேமிப்பைக் கவர்ந்து, அவள் மகளின் வாழ்வையும் சிதைக்கிறான். தாயோ மகளை நம்பாமல் போதகனை நம்புகிறாள். நியூயார்க் தணிக்கையாளர் முதலில் அனுமதி மறுத்தமையால் மிஷோ படத்தை வெட்டித் திருத்த நேர்ந்தது. இவை யாவும் தாயின் கனவே என்று கதை முடிகிறது. கனவு கலைந்தாலும் குற்றச்சாட்டு கலையவில்லை.

தன் முகத்தைத் தானே காணத் துணியும் சமூகம், அதில் படிந்த கறையையும் காண வேண்டும். பகைவர் கையில் ஆயுதமாகிவிடும் என்ற அச்சமின்றி அக்கறையைப் பேசுவதற்கு இடமளிப்பது தன்னவர் கூடும் அரங்கமே. ஆலய மண்டபமும் அத்தகைய அரங்கமாகலாம். ஆனால் அதற்குரிய விலை ஒன்று உண்டு. போதகர் மேடையில் நின்று படத்தை விளக்கும் இடத்தை விட்டிறங்கி, தம்மைப் பற்றியும் அது பேசக்கூடும் என்னும் அறிவோடு மக்களிடையே அமர வேண்டும். அவருக்கு அருகிலுள்ள இருக்கையில், நம்பப்படாத அந்த மகளும் அமர்ந்திருக்கக்கூடும்.